முதிரை முகப்பு என்று விற்கப்படும் இயர்போன்: வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி நகரில் ஒரு கடையில், முகப்பு முதிரை மரத்தால் ஆனது என்று சொல்லி விற்கப்பட்ட, காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்றை 18,500 ரூபா கொடுத்து வாங்கினேன். அதன் முகப்பில் இருப்பது பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டிய அச்சுத்தாள் என்பதும், ஒரு பக்கத்துக்கு ஐந்து டிரைவர்கள் (உள்ளே ஒலியை எழுப்பும் சிறு பாகங்கள்) என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒலி எழுப்புவது ஒன்றே ஒன்றுதான் என்பதும் பிறகு தெரியவந்தன. கடைக்காரர் பொருளை மாற்றித் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அதே பெட்டிகள் அவருடைய கண்ணாடி அலுமாரியில் இன்னும் அடுக்கியே இருக்கின்றன. பெட்டியில் உள்ள பெயரை நாளைக்கு மாற்றி ஒட்டிவிடலாம் என்பதால் பெயரை விட்டுவிட்டு, பொருளை எப்படி அடையாளம் காண்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பாட்டுக் கேட்டுப் பொழுதுபோக்குவதற்காக நான் இதை வாங்கவில்லை. எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தின் பழைய ஒலிப்பதிவுகள் சில என்னிடம் இருக்கின்றன. ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றிய அந்தப் பதிவுகளைக் கேட்டு, அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) பாடிய வரிகளைச் சொல் பிசகாமல் எழுதிவைக்கும் வேலையை இரவுகளில் செய்துவருகிறேன். இந்தக் கூத்தின் பாணியான முல்லைமோடியில் மத்தளமும் தாளமும் குரலை நெருக்கிக்கொண்டே வரும். பதிவு செய்தவர் ஒலிவாங்கியை மத்தளக்காரரின் பக்கத்தில் வைத்துவிட்டால், பாடியவர் ‘பாசம்’ என்றாரா ‘பாதம்’ என்றாரா என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும். எனக்கு வேண்டியிருந்தது இடி முழக்கமல்ல, எழுத்தைத் தெளிவாகக் கொண்டுவரும் ஒரு கருவி. இதைக் கடையில் விளக்கமாகவே சொன்னேன்.

“அண்ணை, வீணையும் மரம், தவிலும் மரம். மரத்துக்குள்ளால வாற சத்தம் பிளாஸ்டிக்கில வராது,” என்றார் கடையில் நின்ற தம்பி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. வீணையின் பலாமரக் குடம் தந்தியின் அதிர்வை வாங்கித் தானும் அதிர்கிறது, அதனால் அங்கே மரம் ஒலியின் ஒரு பகுதி. இயர்போனில் நடப்பது வேறு. உள்ளே இருக்கும் டிரைவர் காற்றைத் தள்ளுவது காதுக்குள் நுழையும் குழாய்ப் பக்கமாக. முகப்போ அதற்கு நேரெதிரே, வெளியே பார்த்தபடி இருக்கும் ஒரு மூடி. அந்த மூடியில் ஓரிரு மில்லிமீற்றர் தடிப்பத்துக்கு முதிரை இருந்தால் என்ன, பாலை மரம் இருந்தால் என்ன, காதில் விழும் ஒலியில் கவனிக்கத்தக்க வேறுபாடு எதுவும் வரப்போவதில்லை. ஒலியைத் தீர்மானிப்பவை டிரைவரின் சவ்வு, அதன் பின்னால் அடைபட்டிருக்கும் காற்றின் அளவு, அந்தக் காற்று மூச்சுவிடும் நுண்துளை, குழாயின் நீளமும் அதன் வாயில் உள்ள வலையும், டிரைவர்கள் பலவாக இருந்தால் அவற்றுக்கிடையே அதிர்வெண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் சுற்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் காதுத் துளையை அடைக்கும் றப்பர் முனை எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பது.

மரம் உண்மையாகவே ஒலியில் பங்கெடுக்கும் கருவிகளும் உலகில் உண்டு. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் பேர்ச் மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, டிரைவரின் சவ்விலேயே அதைப் பயன்படுத்திய இயர்போன்களை விற்றிருக்கிறது. அமெரிக்காவின் கிராடோ நிறுவனத்தின் ஆர்எஸ்1 என்ற பெரிய ஹெட்போனில் டிரைவரைத் தாங்கும் உடலே மஹோகனி மரம். முகப்பில் மட்டும் மரம் வைக்கும் நல்ல தயாரிப்பாளர்கள் அதை அழகுக்காகவே வைக்கிறார்கள். பச்சை மரத்தை அப்படியே ஒட்டினால் வேர்வையிலும் மாரிக்கால ஈரத்திலும் ஊதும், வெயிலில் வெடிக்கும். ஆகையால் மரத்துண்டை வெற்றிடக் கலத்தில் போட்டு, அதன் நுண்துளைகளுக்குள் பிசினை இழுக்கவைத்து, சூட்டில் இறுகச் செய்த பிறகுதான் அறுத்து மெருகேற்றுவார்கள். இந்த வேலைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வேலை நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வன்னியில் முதிரையைத் தெரியாதவர்கள் குறைவு. கதவுநிலையாகவும் கட்டிலாகவும் அதைத் தொட்டே வளர்ந்திருக்கிறோம். சீவி எண்ணெய் பூசிய முதிரைப் பலகையைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினால், மங்கலாகத் தெரிந்த பட்டை மின்னும், மின்னிய பட்டை மங்கும். நார்கள் மாறி மாறிச் சாய்ந்து ஓடுவதால் வரும் பளபளப்பு அது. நான் வாங்கிய முகப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்னிய இடமே மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஓடாவியார் (தச்சர்) அதைக் கையில் வாங்கி, யன்னல் பக்கம் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கடதாசி,” என்று சொல்லித் திருப்பித் தந்தார். பிறகு அவரே காரணங்களையும் காட்டினார். இரண்டு முகப்பிலும் கீழ் விளிம்பை ஒட்டி, மிளகளவில் ஒரு கரிய கணு இருந்தது. அதைச் சுற்றி வளையும் கோடுகள் ஒன்றுக்கொன்று கோடு பிசகாமல் அப்படியே ஒத்திருந்தன. ஒரே துண்டைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்திருந்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். அச்சொட்டாக ஒரே பக்கம் பார்த்து இருக்காது. உண்மையான மரத்தில் மேற்பரப்பில் வரும் கோடு விளிம்பைத் தாண்டி, தடிப்பத்திலும் இறங்கி ஓடும். இங்கே கோடுகள் விளிம்போடு நின்றுவிட்டன, அதற்குக் கீழே வெறும் மண்ணிறப் பூச்சு. கைத்தொலைபேசிக் கமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெருப்பித்தபோது, பத்திரிகைப் படங்களில் தெரிவதைப் போன்ற நிறப்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இவ்வளவு மெல்லிய துண்டில் அது நடக்காத காரியம். சில வாரப் பாவனையில், காதுமடலில் படும் ஓரத்தில் வேர்வை ஏறி அந்தத் தாள் கிளம்பத் தொடங்கியது. நகத்தால் நெம்பியதும் வெள்ளைப் பிளாஸ்டிக் வெளியே வந்தது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்றத்தில் ஏமாற்றியிருந்தாலும் ஒலி நன்றாக இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக நான் எழுதியிருக்க மாட்டேன். மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து அடி வந்தால் அது அடியாகத் தெரியாமல் ஊதிப் பெருத்து, அடுத்த அடி விழும்வரை அடங்காமல் நின்றது. அந்த ஊதலுக்குள் அண்ணாவியாரின் குரல் சுவருக்கு அப்பால் நின்று பாடுவதைப்போல் ஒடுங்கிப்போயிற்று. இதற்குக் காரணம் உண்டு. திறந்திருக்கும் நமது காதுத் துளை 3,000 ஹேர்ட்ஸ் அளவில் உள்ள ஒலியை இயல்பாகவே உயர்த்திக் கொடுக்கிறது. இயர்போனைச் செருகித் துளையை அடைத்ததும் அந்த இயல்பு மாறிவிடுவதால், அந்த இடத்தில் ஒலியைத் திட்டமிட்டுத் தூக்கிக் கொடுப்பது நல்ல தயாரிப்பாளரின் வேலை. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியிலும் அதற்கு மேலேயும்தான் இருக்கிறது. இதில் அந்த இடம் பள்ளமாக இருந்தது. அதற்கும் மேலே எங்கோ ஒரு கூர்மையை ஏற்றிவிட்டிருந்ததால் தாளத்தின் ஓசை மட்டும் ஊசியாகக் குத்தியது. கடையில் கேட்கும்போது இந்தக் குத்தலைத்தான் ‘தெளிவு’ என்று காட்டுகிறார்கள். பெரிய றப்பர் முனையை மாட்டிப் பார்த்தேன். அடைப்பு இறுகியதும் கீழ்ச்சுருதி இன்னும் பெருத்ததே தவிர, சொல் வெளியே வரவில்லை. முன்பொரு காலத்தில் தொலைபேசியோடு இலவசமாக வந்த சாதாரண இயர்போனில் அதே வரியை எழுத முடிந்தது.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் சோதிப்பதற்கு எளிது. பழைய ஒலிநாடாப் பதிவு ஒற்றைத் தடத்தில் இருப்பதால், இரண்டு காதிலும் ஒரே ஒலி போய், குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். எனக்கோ குரல் நடுவில் வெறுமையாகி, இரண்டு காதுக்கும் பின்னால் கலைந்து கிடந்தது. வயரை இயர்போனில் மாட்டும் இரட்டை ஊசியை ஒரு பக்கத்தில் மட்டும் கழற்றித் தலைகீழாகச் செருகினேன். குரல் உடனே நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கத்து டிரைவருக்கு வயரை நேர் எதிர் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அப்படிப் பிசகினால் இரண்டு சவ்வுகளும் ஒன்றுக்கொன்று எதிராக அசையும், குரல் சிதறும்.

இப்படி மாற்றிச் செருகிக்கொண்டு சில காலம் ஓட்டலாம் என்று நினைத்திருந்த வேளையில், வலது பக்கத்து ஊசித் துளைகள் இரண்டும் உடலுக்குள்ளேயே அமிழ்ந்துபோயின. 0.78 மில்லிமீற்றர் ஊசிக்கான துளை சுற்றிலும் பிசினில் இறுகி அசையாமல் இருக்க வேண்டிய ஒன்று. இங்கே ஒரு துளிப் பசையில் நின்றிருக்கிறது. அதைக் கொண்டு கடைக்குப் போனபோது, வாரண்டி வயருக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். கிளம்பிய முகப்பைக் காட்டினேன். “வேர்வை பட்டால் மரம் உப்பிடித்தான் அண்ணை,” என்று பதில் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதை மரம் என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். முதலாளியிடம் பேசியபோது, கொழும்பிலிருந்து வருவதைத் தாங்கள் விற்பதாகவும், பாவித்த பொருளை எடுக்க முடியாது என்றும் சொல்லி முடித்துவிட்டார்.

அதன்பிறகே புதுக்குடியிருப்பில் தொலைபேசி திருத்தும் ஒருவரிடம் கொடுத்து, செத்துப்போன வலது பக்கத்தை மட்டும் திறக்கச் செய்தேன். சூடு காட்டியதும் முகப்பு சுலபமாகக் கழன்றது. உள்ளே 10 மில்லிமீற்றர் அளவான வட்டமான சாதாரண டிரைவர் ஒன்று, அதற்கு முன்னால் குழாயை ஒட்டி நான்கு சிறு உலோகப் பெட்டிகள். பெட்டியில் குறிப்பிட்டிருந்த ‘பலன்ஸ்ட் ஆர்மெச்சர்’ (உள்ளே சிறு உலோக நாக்கு அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை) டிரைவர்கள் அவைதாம். நான்கும் பசையில் ஒட்டியிருந்தன. ஒன்றிலிருந்தும் வயர் புறப்படவில்லை, ஈயம் தொட்ட அடையாளம்கூட இல்லை. அதிர்வெண்களைப் பங்கிடும் சுற்றுக்கான ஒரு மின்தடையையோ கொள்ளளவியையோ தேடியும் காணவில்லை. எடுத்துக் குலுக்கிப் பார்த்த திருத்துநர் சிரித்துவிட்டார்.

வாங்கப்போகிறவர்கள் காசை எண்ணிக் கொடுக்கும் முன்னரே கடையில் வைத்துச் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு முகப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கோடுகளை ஒப்பிடுங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள். வானொலிச் செய்தியைப் போன்ற வெறும் பேச்சு ஒன்றை உங்கள் தொலைபேசியிலேயே கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அவருடைய பொருளுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பேச்சு தலையின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். வயரை ஒரு தடவை கழற்றி மாட்டச் சொல்லுங்கள், துளை அசைகிறதா என்பது அப்போது தெரியும். டிரைவர்களின் எண்ணிக்கையை வைத்து விலை சொன்னால், உட்புறம் தெரியும் கண்ணாடி உடல் கொண்டதைக் கேளுங்கள். ஒரேயொரு டிரைவர் உள்ள நல்ல இயர்போன் இதன் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது, எழுத்தும் அதில் தெளிவாகக் கேட்கிறது.

பற்றுச்சீட்டு விடயத்தில் கட்டாயம் கண்டிப்பாக இருங்கள். எனக்குத் தந்த துண்டில் ‘ஹெட்செட் 1’ என்றும் தொகையும் மட்டும்தான் இருந்தன. மரம் என்று சொன்னதையும் ஐந்து டிரைவர் என்று சொன்னதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள்; எழுதத் தயங்கினால் அங்கேயே விளங்கிவிடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்கும் வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், அதைப் பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதற்கு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் கால எல்லை என்பதால் கடைக்காரரின் “அடுத்த கிழமை வாங்கோ” என்ற சொல்லை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம்.

என் முறைப்பாட்டைப் பற்றுச்சீட்டின் பிரதியோடும், பெட்டியில் உள்ள விபரங்களின் படத்தோடும், திறந்த வலது பக்கத்தின் படங்களோடும் கொடுத்திருக்கிறேன். இடது பக்கத்தைத் திறக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், விசாரணையில் அதிகாரிகளே திறந்து பார்க்கட்டும். இதே கணுவுள்ள முகப்பு உங்கள் இயர்போனிலும் இருந்தால், அதை ஒட்டவோ திருத்தவோ கொடுக்காமல், பெட்டியையும் சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு நீங்களும் எழுதிக் கொடுங்கள்.