கிரனைட் டொப், ஆறு வருடம்: கல் அப்படியே, சிலிக்கன்தான் போனது

வெள்ளவத்தை அடுக்குமாடி வீடொன்றின் குசினியில், அலுமினிய பான்ட்ரிக்கு (கபட் வரிசைக்கு) மேல் போட்ட 20 மில்லிமீற்றர் கறுப்பு கிரனைட் டொப் இது. ‘எல்’ வடிவம், ஒரு பக்கம் 10 அடி, மற்றது 6 அடி, அகலம் 2 அடி. மூன்று வேளையும் அடுப்பு எரிகிற குசினி. ஆறு வருடத்தில் கல்லின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. சிங்க் ஓரத்து இடுக்கை அடைக்கிற பசையான சிலிக்கனோ இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. மூலைப் பொருத்தில் நூல் போல ஒரு வெடிப்பும் ஓடுகிறது. கல் தேர்ந்தெடுக்க மூன்று நாள் கடை கடையாக ஏறுகிறோம். அளவெடுக்கிற அரை மணித்தியாலம் கல் வேலை செய்கிற பாஸுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

கபட்டுகளைப் பொருத்தி, லெவல் பார்த்து முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். சுவர் மூலை சரியாக 90 பாகையில் இருப்பது அபூர்வம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறிகளுக்கு இடையே டேப்பைப் பிடியுங்கள். 5 அடி வந்தால் மூலை சரி. அரை அங்குலம் கூடினால் மூலை விரிந்திருக்கிறது. மட்டை வெட்டி அச்செடுக்கத்தான் வேண்டும். அச்சில்லாமல் வெட்டிய கல் சுவரோடு சேராது. அப்போது இடைவெளியை வெள்ளைச் சீமெந்தால் அடைப்பார்கள், அது மஞ்சளாகி உதிரும். சுவர் டைலை டொப் போட்ட பிறகு ஒட்டினால் அந்த இடைவெளியே வெளியில் தெரியாது.

சிங்கையும், பதிக்கிற கேஸ் குக்கரையும் முன்கூட்டியே வாங்கிப் பொருளையே பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி வெட்டி, கால் அங்குலம் பெருத்துவிட்டால் கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. வெட்டும் துவாரத்தின் நான்கு மூலைகளும் வளைவாக இருக்க வேண்டும். கூர் மூலையில் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கும். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். சிங்குக்கு முன்னால் மிஞ்சுவது இரண்டரை, மூன்று அங்குலக் கீற்று மட்டுமே. 10 அடித் துண்டு ஏறக்குறைய 100 கிலோ வரும். அதைப் படுக்கையாகத் தூக்கிப் படியேறினால் அந்தக் கீற்று முறியும். நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும், கீற்றோடு ஒரு மரச்சட்டத்தையும் கவ்வி இறுக்கி.

இந்தக் குசினியில் பெரிய பிழை சிங்கில்தான் நடந்தது. கல்லுக்கு அடியில் பொருத்துகிற வகை. ஒப்பந்தக்காரர் சிலிக்கனால் மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சிங்க் நிறையத் தண்ணீர் நின்றால் 40 லீற்றர், அதாவது 40 கிலோ. அதற்கு மேல் சட்டி பானை. ஒன்பதாம் மாதம் பின்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் இறங்கி, இடுக்கில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. துடைத்தால் போகாது, பூஞ்சணம் சிலிக்கனுக்குள்ளேயே வளர்ந்திருந்தது. பிறகு எபொக்சி எனும் இறுகுகிற பசையால் கிளிப் வைத்து, கபட் சுவர்களுக்குக் குறுக்கே இரண்டு அலுமினியச் சட்டம் கொடுத்துத் தாங்கியதும் நின்றது. சிலிக்கன் வாங்கும்போது பூஞ்சணம் பிடிக்காத, நியூட்ரல் வகையைக் கேளுங்கள். வினாகிரி மணக்கிற மலிவான வகை சில கற்களின் ஓரத்தில் கறை விடும். பூசுகிற இடம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பூசி 24 மணித்தியாலம் தண்ணீர் திறக்கவே கூடாது. இரண்டாம் தரம் மாற்ற வேண்டி வந்தது, ஈரத்தின் மேல் பூசியதால்.

மூலைப் பொருத்து வெடித்ததற்கும் காரணம் அடியில்தான். மூலைக் கபட் உள்ளே வெறுமை. பொருத்துக்குக் கீழே சட்டம் இல்லை. மேலே உரலில் இடிக்கிற ஒவ்வொரு தரமும் இரண்டு துண்டும் தனித்தனியே அசையும். பொருத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு தாங்கு கேளுங்கள். கொதிக்கிற சட்டியைக் கல் தாங்கும், ஆனால் பொருத்தின் மேல் வைக்காதீர்கள், எபொக்சி இளகும்.

முன் விளிம்பின் அடியில் மெல்லிய பள்ளமொன்று ஓட விடச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கபட் கதவுக்குப் போகாது. எம்.டி.எப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கபட் என்றால் இது இல்லாமல் சரிவராது.

கடையில் மாதிரித் துண்டின் மேல் பாதி தேசிக்காயைக் கவிழ்த்து கால் மணித்தியாலம் விடுங்கள். மினுக்கம் மங்கினால் அது குசினிக்கு உதவாது. அசற்றோன் தொட்ட வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறினால் சாயம் போட்ட கல். நல்ல கிரனைட்டைப் புளியும் தேசிக்காயும் ஒன்றும் செய்யாது. தேங்காய் எண்ணெய் ஊறிய இடத்துக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் இறங்கும். மேசையில் இறுக்குகிற தேங்காய் துருவியை வெறுமனே பூட்டாதீர்கள்; விளிம்பின் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயரும். ரப்பர் துண்டொன்று வைத்து, சிங்குக்கு முன்னாலுள்ள கீற்றைத் தவிர்த்துப் பூட்டுங்கள்.

வீட்டுக்குள் கல்லை உலர்வாக அறுக்க விடவே கூடாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. குவாட்ஸ் எனும் செயற்கைக் கல்லில் அது 90 வீதத்தையும் தாண்டலாம். அறுக்கிற தொழிலாளரின் நுரையீரல் கெடுகிறது என்றுதான் அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அந்தக் கல்லைத் தடைசெய்தது. தண்ணீர் விட்டு அறுக்கட்டும், முடிந்தால் பட்டறையிலேயே. தூசி உங்கள் வீட்டுக்கு ஒரு நாள். அந்தப் பொடியன்களுக்கு வருடம் முழுவதும்.

விலை பேசும்போது சதுர அடிக் கணக்கோடு நிற்காதீர்கள். விளிம்பு மினுக்கல், சிங்க் துவாரம், குக்கர் துவாரம், மாடிக்கு ஏற்றும் கூலி எல்லாம் தனித்தனியாக வரும், எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த மறுநாள் சிங்கை விளிம்பு வரை நிரப்பி, கீழே கடதாசி விரித்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு அடைப்பைத் திறந்து தண்ணீர் இறங்கும்போதும் பாருங்கள். கடதாசி நனையாவிட்டால் மீதிக் காசைக் கொடுக்கலாம்.