சுங்கை சிப்புட் நாற்றுப்பண்ணையில் வாங்கிய திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள்: பதினான்கு மாத அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் தோட்டப் பகுதியை ஒட்டி, எங்களுக்கு ஏக்கருக்கும் குறைவான நிலம் ஒன்று உள்ளது. பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பக்கக்கன்றுகளையே அதில் நட்டு வந்தோம். கன்றோடு சேர்ந்து நோயும் வந்துகொண்டிருந்ததைத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அதன்பின் பட்டணத்து நாற்றுப்பண்ணை ஒன்றில், ஆய்வகத்தில் பெருக்கிய 40 திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை வாங்கினேன். வாழை வகைகள் நான்கு: பெராங்கான் 16, மாஸ் 10, ரஸ்தாளி 10, கற்பூரவல்லி 4. கன்று ஒன்றுக்கு ஆறு வெள்ளி (ரிங்கிட்). பக்கக்கன்றைவிட இது அதிக விலைதான். இந்த விலைக்கு வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்று எழுதுவது பிறருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்றுகள் ஒரே உயரத்தில், ஐந்தாறு இலைகளோடு, வேர் பை நிறைந்து இருந்தன. வகைப் பெயரைப் பைகளில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள், எதுவும் மாறிப்போகவில்லை. பெராங்கான் பதினாறும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்துத் தார் விட்டதால், வெட்டுவதும் சந்தைக்குக் கொண்டுபோவதும் எளிதாயின. பக்கக்கன்று நட்ட நாட்களில் இப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.

என் குறை, பையின் மேல் ஒட்டியிருந்த ‘நோயில்லாத கன்று’ என்ற சொல்லைப் பற்றியது. திசு வளர்ப்பு என்பது கண்ணாடிக் குப்பியில், கிருமி நீக்கிய ஊட்டக் கூழில், தாய்மரத்தின் வளர்நுனியிலிருந்து செடிகளைப் பெருக்கும் முறை. மண்ணிலிருந்து வரும் பூஞ்சையும் நூற்புழுவும் அந்த வழியில் கன்றோடு வருவதில்லை. வைரஸ் அப்படியல்ல, அது செடியின் உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. தாய்மரத்தில் வைரஸ் இருந்து, அதைச் சோதிக்காமல் பெருக்கினால், ஒரு மரத்தின் நோய் ஆயிரம் கன்றுகளுக்குப் போகும். ஆகவே தாய்மரத்தை எலைசா அல்லது பிசிஆர் என்ற, வைரஸைக் கண்டறியும் ஆய்வக முறையில் சோதித்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்டபோது உரிமையாளர் மறைக்காமல் பதில் சொன்னார்: “அண்ணே, கன்னு லேப்ல இருந்து வருது, நாங்க நெட்டுக்குள்ள வச்சு வளர்க்கிறோம். தாய்மரத்தை டெஸ்ட் பண்ணுன தாளு எங்ககிட்ட இல்ல.” அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாள் கையில் இல்லாதவரை பையில் அந்தச் சொல் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

வாழையைத் தாக்கும் வைரஸ்கள் பல. ஒவ்வொன்றும் வகைக்கு வகை வேறாக நடந்துகொள்வதால், ஒரே உத்தரவாதத்தை எல்லா வகைக்கும் ஒட்டுவது பொருந்தாது. அவற்றுள் மிகக் கொடியது முடிக்கொத்து நோய். 1889-இல் ஃபிஜியில் முதன்முதலாகப் பதிவான இந்நோய், 1920-களில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வாழைத் தொழிலை நிலைகுலைய வைத்தது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான வாழை அசுவினி அதைப் பரப்புகிறது என்பதை அக்காலத்தில் மாகீ என்ற ஆய்வாளர் நிறுவினார். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தோன்றும். பிறகு வரும் இலைகள் ஒவ்வொன்றும் முன்னதைவிடக் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். அந்த மரம் தார் விடுவதில்லை, விட்டாலும் பயன்படுவதில்லை. தொற்றிய கன்றுக்கு மருந்து கிடையாது, கிழங்கோடு அழிப்பதொன்றே வழி. தமிழ்நாட்டில் பழனி மலைச்சாரலின் விருப்பாட்சி வாழையை இந்நோய்தான் பெருமளவு அழித்தது. வாழை வகைகளை அவற்றின் காட்டு மூதாதையரிடமிருந்து வந்த மரபுத் தொகுதிகளை வைத்துக் கூட்டங்களாகப் பிரிப்பார்கள்; ‘ஏ’ என்பது மூசா அக்குமினாட்டா என்ற காட்டுவாழையின் தொகுதி. பெராங்கானும் கேவண்டிஷ் வகைகளும் சேர்ந்த ‘ஏஏஏ’ கூட்டத்தில்கூட எல்லாம் ஒன்றுபோல் இல்லை. கேவண்டிஷ் எளிதில் வீழ்கிறது, நம் ஊரில் எம்புன் என்று சொல்லும் குரோ மிஷெல் வகையில் நோய் மெதுவாகவே பரவுகிறது. முழு எதிர்ப்பு உள்ள பயிர் வகை என்று காட்ட ஒன்றும் இல்லை. தொற்றிய பின் இரண்டு மூன்று இலைகள் வந்த பிறகே அறிகுறி தெரியும் என்பதால், விற்கும் நாளில் பச்சையாக நின்றது என்பது எதற்கும் சான்றாகாது. என் நாற்பதிலும் இந்நோய் தோன்றவில்லை. பண்ணையின் மெல்லிய வலையும், இலையடிகளில் எறும்பு ஏறாமல் வைத்திருந்த சுத்தமும் அதில் பங்கு வகித்திருக்கும் என்று எண்ணுகிறேன். எறும்புகள் அசுவினியைப் பேணி வளர்க்கும் இடத்தில் அது எளிதில் தங்கிப் பெருகும்.

அந்தச் சுத்தத்துக்கு நடுவே கண்ட ஒரு தவறைச் சொல்லாமல் விட முடியாது. அதே வலைக்கூடத்தில் மிளகாய், வெள்ளரி நாற்றுகளையும் வைத்திருந்தார்கள். வெள்ளரித் தேமல் வைரஸ் இவற்றிலும், கானவாழை போன்ற களைகளிலும் வாழ்ந்து, பலவகை அசுவினிகள் மூலம் வாழைக்குத் தாவும். முற்றிய மரம் ஓரளவு தாங்கும். குப்பியிலிருந்து வந்த இளங்கன்று தாங்காது, குருத்தே அழுகிவிடும். நட்ட ஐந்தாம் வாரத்தில் என் மாஸ் கன்றுகளில் இரண்டு மஞ்சள் பட்டைகளோடு முறுக்கிய இலை விட்டன. ஒன்றில் குருத்தும் அழுகியது. இரண்டையும் தோண்டி எடுத்து எரித்தேன். பண்ணை மறுபேச்சின்றி மாற்றுக் கன்று தந்தது. என் வரப்பிலும் அப்போது வெள்ளரிக்கொடி இருந்தது. ஆகவே பழி முழுவதையும் பண்ணை மேல் போட மாட்டேன். இப்போது வாழை வரிசையிலிருந்து அதை அகற்றிவிட்டேன். பண்ணையும் மிளகாய் நாற்றுகளை வேறு கூடத்துக்கு மாற்ற வேண்டும்.

கற்பூரவல்லிக் கன்று ஒன்றில் வேறொரு சிக்கல். இலையில் மெல்லிய மஞ்சள் கீற்றுகள் விட்டுவிட்டுத் தோன்றிப் பழுப்பாகிக் கருகின. உரக்குறை என்று முதலில் நானும் பண்ணைக்காரரும் நினைத்தோம். கோடைக்குப் பின் வந்த இலைகள் சற்றுத் தெளிந்தன, பிறகு மறுபடியும் கீறின. இப்படி வந்துபோகும் நடத்தை வாழைக் கீற்று வைரஸுக்கே உரியது. மூசா பல்பிசியானா என்ற காட்டுவாழையின் பங்கு உள்ள வகைகளில் இந்த வைரஸின் மரபுத் துண்டுகள் செடியின் மரபணுவுக்குள்ளேயே பதிந்திருக்கக்கூடும். கடும் வெயிலோ, கலப்பினமாக்கலோ, திசு வளர்ப்பு தரும் அழுத்தமோ அவற்றை எழுப்பிவிட வாய்ப்புண்டு. வெளியிலிருந்து எதுவும் தொற்றாமலே நோய் வெளிப்படலாம் என்பது இதன் பொருள். தமிழ்நாட்டின் பூவன் வகை இந்நோயோடேயே வாழ்ந்து, விளைச்சலும் தந்துகொண்டிருக்கிறது. ‘ஏஏ’ கூட்டத்தைச் சேர்ந்த மாஸிலும் ‘ஏஏஏ’ கூட்டத்துப் பெராங்கானிலும் காட்டுவாழையின் அந்தப் பங்கே இல்லை. அவற்றுக்கு இந்நோய் வெளியிலிருந்து, பெரும்பாலும் மாவுப்பூச்சி வழியாகவோ நோயுற்ற கன்று வழியாகவோதான் வர வேண்டும். இந்த வேறுபாட்டை விற்பவர் சொன்னால், வாங்குபவர் அந்தப் பங்கு உள்ள கற்பூரவல்லிக்கும் மொந்தன் வாழைக்கும் தனிக் கவனம் வைப்பார்.

ரஸ்தாளியில் இரண்டு மரங்கள் அடியிலைகள் மஞ்சளாகி ஒடிந்து விழுந்து செத்தன. தண்டை வெட்டிப் பார்த்தேன், உள்ளே செம்பழுப்பு நரம்புகள். அது வைரஸ் அல்ல, மண்ணிலிருக்கும் ஃபுசேரியம் பூஞ்சை. ரஸ்தாளிக்கு அது பழைய எதிரி. என் மண்ணில் ஏற்கெனவே இருந்திருக்கிறது, எந்தக் கன்றும் அதைத் தடுத்திருக்காது. இதற்காகப் பண்ணையிடம் மாற்றுக் கன்று கேட்கவில்லை.

கணக்காகச் சொன்னால், நாற்பதில் முப்பத்தைந்து இன்றும் நல்ல நிலையில் நிற்கின்றன. மாற்றித் தந்த இரண்டு மாஸ் கன்றுகளும் நன்றாகவே வளர்கின்றன. பெராங்கானும் மாஸும் இங்கே வாங்கலாம், விலைக்குத் தகுந்த கன்றுகள். ரஸ்தாளி வாங்கும் முன் உங்கள் மண்ணில் முன்பு வாழை வாடியதா என்று நினைவுகூர்ந்து பாருங்கள். கற்பூரவல்லியை இரண்டோ மூன்றோ மட்டும் வாங்கி, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பார்த்த பின் கூட்டுங்கள். தைப்பூசத்துக்குத் தார் வேண்டும் என்று எண்ணி அவசரப்பட்டு மொத்தமாக நடுவோர் இந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த மாதம் பத்துப் பெராங்கான் கன்றுகளை எடுக்கப் போகிறேன். ஆய்வகத்திலிருந்து தாய்மரச் சோதனைத் தாளை வரவழைத்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன், உரிமையாளரும் எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தாள் வந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.