இன்லைன் ஹாக்கி ஸ்கேட்: ஐஸ் ஹாக்கி ஆசையுள்ள பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

ஐஸ் ஹாக்கி ஆட ஆசைப்படும் பெண் பிள்ளைக்கு முதல் செலவு ஸ்கேட்டுக்குத்தான். பனியில்லாத நம் ஊரில் சக்கர ஸ்கேட்டில்தான் முதலில் கால் பழக வேண்டும். மட்டை, கையுறை எல்லாம் அப்புறம். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது வேகப் பந்தய ஸ்கேட்: கணுக்காலுக்குக் கீழே நிற்கும் பூட், நீளமான ஃபிரேம் (பூட்டுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), 90 முதல் 110 மி.மீ. வரை சக்கரம். நேராக ஓட அது அருமையானது. ஆனால் சட்டென்று திரும்ப, பின்பக்கமாக ஓட, நின்ற இடத்திலிருந்து பாய அது சரிவராது. பாவர், மிஷன் மாதிரிக் கம்பெனிகள் ஆரம்பநிலை ஆட்டக்காரர்களுக்காக விற்கும் இன்லைன் (சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள) ஹாக்கி ஸ்கேட்தான் இதற்கு ஏற்றது. இரண்டு மூன்று விஷயங்களைக் கவனித்தால் தாராளமாக வாங்கலாம்.

இதன் பூட் கணுக்காலை மூடிப் பிடிக்கும். ஃபிரேம் குட்டை. சில மாடல்களில் நான்கு சக்கரமும் ஒரே அளவு. சிலவற்றில் முன்னிரண்டு 76, பின்னிரண்டு 80 மி.மீ. இந்த இரண்டாவது வகை உடல் எடையை முன்பக்கம் தள்ளி, முழங்காலை மடக்கி நிற்க வைக்கும். ஐஸில் நிற்க வேண்டிய நிலையும் அதுதான். முடிந்தால் அலுமினிய ஃபிரேம் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஃபிரேம் அழுத்தித் திரும்பும்போது வளைந்து கொடுக்கும், அந்த அளவுக்கு உதைக்கும் பலம் வீணாகிறது.

அதிகம் தப்பு நடப்பது அளவில். ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலும் ஷூ அளவைவிட 1 முதல் 1.5 அளவு குறைவாக இருக்கும். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். குதிகாலைப் பின்னுக்குத் தட்டி, லேஸை இறுக்கி எழுந்து நின்றால் பெருவிரல் முன்மூடியை லேசாக உரசினால் போதும். 'வளரும் பிள்ளை, இரண்டு அளவு பெரிசா எடுப்போம்' என்பது செருப்புக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. பூட்டுக்குள் குதிகால் தூக்கினால் கணுக்கால் உள்ளே சாயும், கொப்புளம் வரும், பிள்ளைக்கு ஆர்வமே போய்விடும். சிறிய பாதமுள்ள பெண்களுக்கு ஜூனியர் அளவே போதும், விலையும் குறையும். ஆனால் ஜூனியர் பூட் மென்மையானது. எடை கூடியவர்களுக்குத் தாங்காது.

அடுத்தது சக்கரம். அதன் கடினத்தை ஏ என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 74ஏ, 76ஏ உள்ளரங்கத் தரைக்கு. நம் சிமெண்ட் தரைக்கும் தார்ச் சாலைக்கும் 82ஏ அல்லது அதற்கு மேல் வேண்டும். மென்மையான சக்கரத்தோடு கடற்கரைச் சாலையில் இறங்கினால் சக்கரம் துண்டு துண்டாகப் பெயரும். உதைக்கும்போது உள்விளிம்புதான் தேயும் என்பதால், தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்ததும் இடம் மாற்றுங்கள்: ஒரே அளவுச் சக்கரமென்றால் 1-ஐ 3-க்கும் 2-ஐ 4-க்கும், தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி. 76/80 வகையில் அப்படி மாற்ற முடியாது. முன்னிரண்டைத் தங்களுக்குள்ளும், பின்னிரண்டைத் தங்களுக்குள்ளும் மாற்றி, திருப்பிப் போட வேண்டும்.

நம் ஊரில் முதலில் பழுதாவது பேரிங். எட்டுச் சக்கரத்துக்கு 16 பேரிங். உப்புக்காற்றும் மணலும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் துரு பிடித்துக் கரகரவென்று சத்தம் வரும். ஈரத்தில் ஓடிய அன்றே துடைத்து, ஸ்கேட்டைப் பைக்குள் அடைக்காமல் காற்றாட வையுங்கள். அழுக்கேறினால் மூடியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் பிசினாகும், வேண்டாம். மாற்றுவதற்கு ஸ்கேட் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இது 608 அளவு (உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.), பேரிங் கடையில் கேட்டாலே கிடைக்கும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சுழலும், ஆனால் மணலைத் தடுக்கும்.

இந்த ஸ்கேட்டில் குதிகால் பிரேக் கிடையாது. ஒரு காலைப் பின்னால் குறுக்கே வைத்து இழுத்து நிற்கும் டி-ஸ்டாப்பைப் பழகாமல் யாரையும் சாலையில் விடாதீர்கள். ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பி, பனியைச் சீவிக்கொண்டு நிற்பார்கள். தார்ச் சாலையில் அப்படித் திருப்பினால் சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். ஆகவே நிற்கும் வித்தையை ஐஸில் புதிதாகத்தான் கற்க வேண்டும். பின்னோட்டம், காலைக் குறுக்கே மாற்றி வளைவது, பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான வட்டு) பார்க்காமல் நடத்துவது ஆகியவை அப்படியே கைகொடுக்கும். பெண்கள் ஆட்டத்தில் உடலை மட்டும் குறிவைத்து மோதுவது தவறு என்பது சர்வதேச விதி. அதனால் காலாட்டம் சுத்தமாக இருப்பவளுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இந்தியப் பெண்கள் அணி முதன்முதலில் சர்வதேசப் போட்டியில் இறங்கியது 2016-ல், தைபேயில். மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது முதல் வெற்றி. 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அங்கேயும் இயற்கைப் பனி குளிர்கால வாரங்களில் மட்டும்தான். வங்கக்கடலோரப் பிள்ளை அந்த அணிக்குப் போட்டியிட வேண்டுமானால் சக்கரத்தில் கால் பழகி, பிறகு டேராடூன் ஹிமாத்ரி மாதிரி உள்ளரங்க ஐஸ் ரிங்க்குக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அங்கே போகும்போது பிளேடு தீட்டுபவரிடம் எடையைச் சொல்லுங்கள். பிளேடின் அடியில் அரை அங்குல ஆரமுள்ள குழிவு பரவலாகப் போடுவது. மெலிந்த பெண்ணுக்கு அதைவிட ஆழமான, அதாவது ஆரம் குறைந்த குழிவு இருந்தால்தான் விளிம்பு பனியைக் கவ்வும்.