கிறிஸ்டோபரா, டெட்டா?

ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை உள்ள பையனே கதை சொல்கிற நாவல் எது என்று கேட்டால், எல்லோரும் முதலில் சொல்வது மார்க் ஹேடனின் 'த கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' (2003). ஷிவான் டவ்டின் 'த லண்டன் ஐ மிஸ்டரி' (2007) அவ்வளவு பேர் வாங்கவில்லை. இரண்டும் துப்பறியும் கதைகள், துப்பறிகிறவனும் பையன்தான். ஸ்விண்டனில் இருக்கும் கிறிஸ்டோபருக்கு வயது 15. பக்கத்து வீட்டு நாயைக் கொன்றது யார் என்று தேடுகிறான். லண்டன் பையன் டெட்டுக்கு 12. 'லண்டன் ஐ' என்ற ராட்சத ராட்டினத்தில் ஏறிய சலீம், அவன் அம்மாவின் சகோதரி மகன், சுற்று முடிந்தும் இறங்கவில்லை. எங்கே போனான்?

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த இரண்டையும் உரசிப் பார்க்க ஒரு வழி உண்டு: யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பது. இங்கே நக்கல் இல்லாமல் பேச்சு நகராது. என் அக்கா மகனுக்கும் ஆஸ்பெர்கர்தான். ஒருநாள் தாமதமாக வந்தவனிடம் ஆச்சி, "ஏம்ல இப்பமே வந்துட்ட, நாளைக்கு வந்திருக்கலாம்லா" என்றாள். "சரி ஆச்சி, நாளைக்கு வாரேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டான். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அவன் இருந்தானா, வெளியே நின்றானா?

ஹேடனின் நாவலில் பையன் வெளியேதான் நிற்கிறான். தனக்கு நகைச்சுவை புரியாது, அதனால் இது வேடிக்கையான புத்தகமாக இருக்காது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். நாமோ பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிறோம். அப்பா மறைப்பது அவனுக்குத் தெரிவதற்குள் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆசிரியரும் வாசகரும் பையனுக்குத் தெரியாமல் கண்ணடித்துக்கொள்கிற வேலை இது. எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் எழுத்து என்று பார்த்தால் ஹேடனை மிஞ்ச ஆளில்லை. கிறிஸ்டோபர் தனியாக ரயிலேறி லண்டன் போகும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்துப் பலகைகளில் உள்ள எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பக்கத்தில் வெறும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரத்து ஜங்ஷன் கூட்டத்தில், அறிவிப்பும் டீ விற்கிற குரலும் ஒரே சத்தத்தில் காதில் ஏறினால் அக்கா மகனுக்கு எப்படி இருக்கும் என்று, அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்கள் போட்டதும் வெறும் வித்தை இல்லை. கிறிஸ்டோபர் மனசுக்கு ஒழுங்கு கிடைக்கிற இடம் அது. என்ன, அந்த நாவல் ஓடிய ஓட்டத்தில் ஆஸ்பெர்கர் என்றாலே 'கணக்கில் புலி, தொட்டால் அடிப்பான்' என்பதே அச்சாகிப்போனது. அக்கா மகன் கணக்கில் தேறுவதே பெரும்பாடு.

டெட்டுக்குப் பித்து வானிலை மேல். சலீம் மறைந்ததற்கு எட்டு ஊகங்களைப் பட்டியல் போடுகிறான். சலீம் தானாகவே தீப்பிடித்து எரிந்துபோயிருக்கலாம் என்பதும் அதில் ஒன்று! டெட்டின் அக்கா கேட் அவன் முகத்துக்கு நேராகவே கேலி செய்கிறாள், சண்டை போடுகிறாள், அப்புறம் அவனையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறாள். பெரியவர்கள் காதுகொடுக்காதபோதும் அவன் விடுவதில்லை. தன் மூளை வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது என்று அவனே சொல்லிக்கொள்கிறான். வீட்டுக்குள் நடக்கிற சிரிப்பு என்பதால் அவனும் அதில் ஒரு ஆள். எனக்கு டெட்தான் நெருக்கம்.

குறை இல்லாமல் இல்லை. புதிர் வேகமாக ஓடுவதால் அவனுடைய பயத்துக்குள் கதை அதிக நேரம் தங்குவதில்லை. கிறிஸ்டோபர் நடுங்கினால் நமக்கும் நடுங்கும், டெட்டிடம் அது அவ்வளவாக இல்லை.

ஜோடி பிக்கோவின் 'ஹவுஸ் ரூல்ஸ்' (2010) நாவலையும் சிலர் சொல்வார்கள். அதில் 18 வயது ஜேக்கப் மட்டுமில்லாமல் அம்மா, தம்பி, வக்கீல், போலீஸ் என்று ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். அவன் குரல் அதில் அமுங்கிவிடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013லேயே ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை விட்டுவிட்டு, ஆட்டிசம் வரிசைக்குள் சேர்த்துவிட்டது. ஹேடன் தன் கதைக்குள் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, அதனால் புத்தகம் பழசாகவில்லை.

அக்கா மகன் வகுப்பில் யாராவது கேட்டால் டெட்டைத்தான் கொடுப்பேன். ஆங்கிலமும் எளிது. ஹேடனில் கெட்ட வார்த்தை தாராளம், பத்தாவது தாண்டட்டும். ஆனால் அவன் வகுப்பு ஆசிரியருக்கு முதலில் ஹேடன்தான், அந்த ரயில் நிலையப் பக்கங்களில் அடையாளம் வைத்து.