கேஸ் எங்கே போச்சு? பழைய காரின் ஏசியோடு ஒரு நீண்ட அனுபவம்

கூலிங் குறைந்துவிட்டது என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினாலும், பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: "கேஸ் குறைஞ்சிருக்கு சார், போட்டுரலாம்." சில நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் என் வண்டியின் ஏசியில் இதுவரை வந்த நான்கு பெரிய தொந்தரவுகளில் கேஸ் சம்பந்தப்பட்டது ஒன்றுதான். மற்ற மூன்றுக்கும் கேஸ் போடச் சொன்னவர்கள் உண்டு. கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னவரும் உண்டு.

வண்டி பத்து வருடம் தாண்டிய சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. இருப்பது மதுரையில், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் நான்குவழிச் சாலையில் அடிக்கடி போய்வரும். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த ரகக் கார்களில் ஏசி அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: பெல்ட்டில் ஓடி கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், ரேடியேட்டருக்கு முன்னால் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், அதன் வாசலில் கேஸை அளவாக உள்ளே விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ். உள்ளே சுற்றுவது ஆர்-134ஏ கேஸ்.

முதலில் அந்தக் கேஸ் விவகாரம். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேஸ் நிரப்பித் தந்தார்கள். அந்தக் கோடை ஒழுங்காக ஓடியது. அடுத்த பங்குனி வந்ததும் வென்ட்டிலிருந்து வெறும் காற்று. மறுபடி அங்கேயே கேஸ். பில்லில் கேஸ் நிரப்பியதற்கு ஒரு வரி இருந்தது. லீக் பார்த்ததற்கு எதுவும் இல்லை. கேட்டால், "வருஷா வருஷம் கொஞ்சம் குறையத்தான் சார் செய்யும்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

குறையும்தான். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. ஆனால் ஒரே வருடத்தில் கூலிங்கே இல்லாமல் போகிறது என்றால் அது கசிவு இல்லை, ஓட்டை. பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். இஞ்சினை ஓடவிடாமலே பிரஷர் கேஜை மாட்டி, "கேஸ் நிறைய இருக்கே சார்" என்றார் வேறோர் இடத்தில் ஒருவர். இஞ்சின் ஓடாதபோது அந்த முள் காட்டுவது கேஸின் அளவையே அல்ல, வெப்பநிலையைத்தான். வெயில் 35 டிகிரி என்றால் ஆர்-134ஏ 110 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிற வரை, பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் முள் அதே இடத்தில்தான். வீட்டுச் சமையல் சிலிண்டரும் இப்படித்தான்: கடைசி வரை அடுப்பு நன்றாகவே எரியும், எவ்வளவு மிச்சம் என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஏசி கேஸை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் கம்பெனியே எழுதியிருக்கிறது. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான். "ஒரு டின் போட்டேன்" என்பதெல்லாம் கணக்கில்லை. கூடுதலாகப் போட்டாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் பாரம்.

மூன்றாவது கோடையில் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் கேஸ் டின்னைத் தொடவே இல்லை. முதலில் என்ஜின் பக்கம் உள்ள பைப் ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கேஸ் கசிகிற இடத்தில் அதோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும். தூசி அதில் ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும் என்றார். அப்படி எதுவும் இல்லை. அப்புறம் நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினார். அதிலும் குமிழி இல்லை. "வெளியில இல்லேன்னா உள்ளதான் தம்பி" என்று யூவி லைட்டில் ஒளிரும் சாயத்தை (யூவி டை) கொஞ்சம் கேஸோடு சேர்த்து உள்ளே விட்டு, ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

சில நாள் கழித்துப் போனபோது, வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் யூவி லைட்டை அடித்தார். ஓரத்தில் பளிச்சென்று பச்சையும் மஞ்சளும் கலந்த கறை. கூலிங் காயிலில் ஓட்டை. இத்தனை நாள் கேஸ் போய்க்கொண்டிருந்தது எங்கள் மூக்குக்கு ஒரு முழம் முன்னால்.

கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டும். முழு நாள் வேலை. வெளியே எடுத்த காயிலைப் பார்த்ததும் காரணமும் தெரிந்துவிட்டது: வேப்பஞ்சருகு, தூசி, முடி எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து ஒரு இன்ச்சுக்கு மெத்தை போலப் படிந்திருந்தது. என் வண்டிக்குக் கம்பெனி கேபின் ஃபில்டரே கொடுக்கவில்லை. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் அதற்கான இடம் மட்டும் இருக்கிறது, பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருக்கிறார்கள். அலுமினியம் காயிலின் மேல் அந்த ஈரச் சருகு வருடக்கணக்கில் உட்கார்ந்தால் அரிக்காமல் என்ன செய்யும்? புதுக் காயில் போட்ட கையோடு ஃபில்டரும் போட்டாயிற்று. விலை சில நூறு ரூபாய்தான். உங்கள் வண்டியிலும் இந்த இடம் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

காயிலோடு எக்ஸ்பான்ஷன் வால்வ், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கழற்றிய ஜாயிண்டுகளின் ஓரிங் எல்லாம் மாற்றினார். பழைய காயிலோடு போன ஆயிலுக்கு ஈடாக அளந்து ஊற்றினார். பிறகு வேக்குவம். இதுதான் பல இடங்களில் அவசரமாக முடிக்கப்படும் வேலை. குழாய்க்குள் மிச்சமிருக்கும் ஈரத்தை ஆவியாக்கி வெளியே இழுப்பதற்குத்தான் வேக்குவம். ஈரம் உள்ளே இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அவர் முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். பம்பை நிறுத்தி, கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தும் முள் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பிறகுதான் தராசில் டின்னை வைத்துக் கேஸ்.

பாகங்களும் கூலியுமாகப் பத்தாயிரத்தை ஒட்டிச் செலவு. அதற்கு முன் இரண்டு வருடம் காற்றில் விட்ட கேஸின் பணம் தனி. பணம் கூடப் பரவாயில்லை. ஆர்-134ஏ கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும் சரக்கு. ஓட்டை வண்டியில் அதை வருடா வருடம் ஊற்றுவது யாருக்கும் நல்லதில்லை.

அந்த வேலை முடிந்து ஒரு மாதத்திற்குள் அடுத்தது. ஊருக்குள் நன்றாக இருக்கும் ஏசி, கோவில்பட்டி தாண்டும்போது மெல்ல மெல்லக் காற்று குறைந்தது. ப்ளோயர் சத்தம் நான்காம் நம்பரில் கேட்கிறது, வென்ட்டில் கை வைத்தால் மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் காற்று. வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தால் வண்டிக்கு அடியில் குளம் போலத் தண்ணீர், ஏசி பழையபடி ஜில். போனில் கேட்டவர்களில் ஒருவர் கேஸ் என்றார், இன்னொருவர் ப்ளோயர் மோட்டார் என்றார்.

காற்று குறைகிறது, கூலிங் குறையவில்லை என்பதுதான் இங்கே துப்பு. காயில் மேல் ஐஸ் கட்டிக் காற்றுப் பாதையை அடைத்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஓடும்போதே ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பினால் ஐஸ்தான். காயில் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் தெர்மிஸ்டர் என்பார்கள். அதன் மூக்கு காயிலின் தகடுகளுக்குள் செருகியிருக்க வேண்டும். அண்ணன் க்ளவ் பாக்ஸைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தார். புதுக் காயில் மாட்டியபோது சென்சார் சரியாக உட்காராமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "நம்ம பையன் விட்டுட்டான் தம்பி" என்று செருகிவிட்டு, கூலி வாங்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

மூன்றாவது தொந்தரவு இதற்கு நேர் எதிர். சாலையில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பு. கத்திரி வெயிலில் காளவாசல் சிக்னலில் நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டி ஓடினால் எதிர்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது, ஆனால் சோம்பலாக. ஒரு மக் தண்ணீரைக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினேன். வென்ட்டில் உடனே குளிர்ச்சி வந்தது. அப்புறம் சந்தேகமே இல்லை: சூடு வெளியேறவில்லை. ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மோட்டாரை மாற்றி, கண்டென்சர் தகடுகளில் அடைந்திருந்த மண்ணையும் பூச்சிகளையும் சாதாரண ஹோஸால் கழுவியதும் சரியாகிவிட்டது. வாட்டர் வாஷ் கடையில் அந்த வேகமான துப்பாக்கியை மட்டும் அதன் மேல் அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், பிறகு காற்றே போகாது.

நான்காவதுதான் என்னை ரொம்பச் சுற்றவிட்டது. காலையில் எடுத்தால் ஏசி அருமை. மதியம், இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, திடீரென்று கூலிங் நின்றுவிடும். ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி வரும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து ஒழுங்காக வேலை செய்யும். ஒரு இடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது, இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட்டே எழுதிக் கொடுத்தார்கள்.

பைபாஸ் ரோட்டு அண்ணன் மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார். என்னை ஊருக்குள் சுற்றிவிட்டு வரச் சொல்லி, கூலிங் நின்ற நிலையிலேயே பார்த்தார். பெல்ட் புல்லியோடு கம்ப்ரஸரைக் காந்தத்தால் இணைக்கும் மேக்னட் கிளட்சுக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, கிளட்ச் பிடிக்கவில்லை. நீளமான ஒரு மரக்குச்சியால் கிளட்ச் பிளேட்டின் முகத்தை லேசாக ஒரு தள்ளு தள்ளினார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது, கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. (ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் கை வைக்கிற வேலை, இதை நாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.)

விஷயம் இதுதான். கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி உண்டு. வருடங்கள் போகப் போகத் தேய்ந்து அந்த இடைவெளி அகலமாகிறது. காந்தத்தின் கம்பிச் சுருள் சூடானால் அதன் தடை கூடி, இழுக்கும் பலம் குறைகிறது. காலையில் இழுத்துவிடும், மதியச் சூட்டில் எட்டாது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது. பிளேட்டைக் கழற்றி, பின்னால் இருந்த வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். வாங்கியது ஐந்நூறு ரூபாய். வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதிலிருந்து ஒன்று பழகிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் "கூலிங் இல்லை" என்று மட்டும் சொல்வதில்லை. எப்போது இல்லை என்று சொல்கிறேன்: நின்றாலா, ஓடினாலா, காலையிலா, மதியமா, காற்று குறைகிறதா, காற்று வந்து குளிர் இல்லையா. சமையலில் பயன்படுத்துகிற மாதிரியான ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நடு வென்ட்டில் செருகி வைத்திருக்கிறேன். காலையில் 7, 8 டிகிரி, உச்சி வெயிலில் ஓடும்போது 11, 12 என்று காட்டுகிற வரை கவலைப்படுவதில்லை. அதற்கு மேல் ஏறினால்தான் அண்ணனுக்குப் போன்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றி ஏசியை முழுதாகப் போடுகிற பழக்கத்தையும் விட்டாயிற்று. முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, பிறகு ஏசியோடு, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷன். வீடு வர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடுகிறது. அந்த ஈரச் சாக்கு நாற்றம் இப்போது இல்லை. லீக்கை அடைக்கும் திரவம் என்று டின்னில் விற்கிறார்களே, அதைக் கேட்டதற்கு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைத்துப் போன வண்டிகள் அவரிடம் வந்திருக்கின்றனவாம்.

குறை இல்லாமலும் இல்லை. டேஷ்போர்டை இறக்கி ஏற்றியதிலிருந்து இடது ஓரத்தில் எங்கேயோ ஒரு கிளிப் கிடுகிடுக்கிறது; இரண்டு தடவை பஞ்சு வைத்தும் அடங்கவில்லை. கம்ப்ரஸர் இன்னும் கம்பெனியில் வந்ததுதான், ஓடும்போது லேசான முனகல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அது உள்ளே உடைந்து தூள் பரவினால் கண்டென்சர், டிரையர், வால்வ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும் என்பதால், முனகல் கூடினால் உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அப்போது செலவு செய்வதா, வண்டியைக் கொடுத்துவிடுவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.