நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் டயர் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் காரில் போகிறவர்கள், அதிலும் கொஞ்சம் வயதான வண்டி வைத்திருப்பவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். டயர் விஷயம். போன பணம் மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் என் தலையில் கட்டிய அந்த டயரோடு அம்மா, மனைவி, பிள்ளைகள், மச்சான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் அடங்கமாட்டேன் என்கிறது.

வண்டி 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, 5,000 ரூபாயும் அதற்கு மேல் பசுமை வரியும் கட்டி, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்து வைத்திருக்கிறேன். இதே கட்டணம் 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாய்தான் என்பது தனிப் புலம்பல், இங்கே வேண்டாம். இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஓடுகிற நாலு டயரும் பாதிக்கு மேல் பட்டன் (ரோட்டில் படுகிற, பள்ளம் வெட்டிய ரப்பர்) உள்ளவை. ஸ்டெப்னி மட்டும் 2015-ம் வருஷத்து டயர்.

செங்கல்பட்டுக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க். சாயங்காலம் இருட்டுகிற நேரம். காற்றுப் பிடிக்கிற பையன், "சார், பின்னாடி லெஃப்ட்ல ஆணி இருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன், இருந்தது. நிஜமான ஆணி, தலை தேய்ந்து பளபளவென்று. பங்க் சுவரை ஒட்டியே ஒரு பஞ்சர் கடை. இதுவரை யாரும் ஏமாற்றவில்லை.

கடைக்காரர் ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார். தண்ணீர்த் தொட்டி பின்னால் இருக்கிறது என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். "அஞ்சு நிமிஷம் சார், டீ குடிச்சிட்டு வாங்க." பிள்ளைகளை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது டயர் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி வைத்து, ஒவ்வொரு இடமாகக் காட்டினார். ஆணி இருந்த இடத்தில் குமிழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது. கடைசியாக டயரைச் சாய்த்து, பக்கவாட்டில் ஒரு குமிழியைக் காட்டினார். "பட்டன்ல மூணு, ஒட்டிடலாம். சைடுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதை ஒட்ட முடியாது சார். ஒட்டினாலும் நிக்காது, வெடிக்கும்."

இந்தக் கடைசி வாக்கியம் உண்மை. அதுதான் இந்த வேலையின் சூட்சுமம். டயரின் பக்கவாட்டில் ரப்பர் மெல்லிசு, உள்ளே கம்பிப் பட்டை கிடையாது, ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற இடம். அங்கே ஓட்டை விழுந்தால் ஒட்டக் கூடாது என்பதுதான் டயர் கம்பெனிகள் எல்லாம் சொல்வது. விஷயம் தெரிந்தவரைக்கூட இங்கே மடக்கிவிடலாம், ஏன், தெரிந்தவரைத்தான் இன்னும் சுலபமாக மடக்கலாம். அந்த ஓட்டை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. அதை அந்த இருட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?

டயர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவிக்கு இருந்த பையன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, "அண்ணே, ஷாக் அப்சார்பர் லீக் ஆகுது" என்றான். நான் போய்ப் பார்த்தேன். ஈரம் இருந்தது, சொட்டக்கூடச் செய்தது. ஆனால் நிஜமாகவே கசிகிற ஷாக் அப்சார்பர் அப்படி இருக்காது. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், ரோட்டுத் தூசி அதில் ஒட்டும், கறுப்பாக, பிசுபிசுவென்று பற்றிக்கொண்டு இருக்கும். இங்கே மேலே தூசி உலர்ந்து கிடக்கிறது, அதன் மீது தேன் நிறத்தில் புது ஆயில் வழிகிறது. அந்தப் பையன் கையில் ஆயில் துணி. "அதை ஊர்ல போய்ப் பார்த்துக்கிறேன்" என்றேன். அவர்களும் வற்புறுத்தவில்லை. பதினைந்து வருஷத்து வண்டி என்றால் "எல்லாம் போயிருச்சு சார்" என்று சொல்வது சுலபம், சொந்தக்காரனே பாதி நம்பிவிடுவான் என்று ஒரு கணக்கு.

இங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரிப் பயணம், வண்டி நிறைய ஆட்கள், 2015 ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அதற்கு மாற்று எதுவும் இல்லாமல் திருச்சி வரை போவதா? அவர் உள்ளேயிருந்து ஒரு டயரை எடுத்துவந்தார். கன்னங்கரேல் என்று மின்னியது. "புது வண்டி எடுத்தவர் ஷோரூம்லேருந்து வந்ததும் வீலை மாத்திட்டார் சார். கம்பெனி டயர், ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடலை." இப்படி நிஜமாகவே டயர்கள் வருவதுண்டு, அதனால் கதை நம்பும்படிதான் இருந்தது. அளவு 155/70 ஆர்13, என் வண்டிக்குச் சரியான அளவு. டார்ச் வெளிச்சத்தில் பட்டன் ஆழமாகத் தெரிந்தது. டயருக்கு 2,800, "பஞ்சர் பார்த்த கூலி, மாட்டுகூலி" 300. பில் கேட்டேன், பில் புக் தீர்ந்துவிட்டதாம். க்யூ.ஆர். கோடில் கடைப் பெயர் இல்லை, ஒரு ஆளின் பெயர்.

பழைய டயரை அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னார், வேண்டுமானால் 300 ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்றார். பின்சீட்டில் இருந்த மச்சான்தான், "எதுக்கு மாமா, டிக்கியில கிடக்கட்டும்" என்றான். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. இந்த ஒரு விஷயத்துக்காக மச்சானுக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதை அவன் மறக்கவும் விடுவதில்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் எண்பதில் போனால் பின்சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. அறுபதுக்கு இறக்கினால் இல்லை. அறுபதிலேயே போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் திருச்சியில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு டயர் கடை. வயசான ஒருத்தர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, டயரைப் பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரலை பட்டன் இடுக்கில் விட்டு ஒரு சுற்று தடவினார். "இது வெட்டின டயர் தம்பி" என்றார். பிறகு எனக்குக் காட்டினார். நீங்களும் உங்கள் வண்டியில் இப்போதே பார்க்கலாம். டயரின் தோள்பட்டையில் சின்ன முக்கோணமோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் நடுவில் ஓடும் நீளப் பள்ளத்தைப் பாருங்கள். அடியில் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் ஆயுசு முடிந்தது, அதற்கு மேல் ஓட்டுவது சட்டப்படியும் தப்பு. எந்தக் கார் டயரிலும் இந்த மேடு சுற்றிலும் பல இடங்களில் இருக்கும். எனக்கு விற்ற டயரில் முக்கோணம் இருந்தது, மேடு இல்லை. ஒரு இடத்திலும் இல்லை.

ஏன் இல்லை? மொட்டையாகிப்போன டயரில் சூடான கத்தியை விட்டுப் பள்ளத்தை மறுபடி தோண்டியிருக்கிறார்கள். தோண்டும்போது மேடும் சேர்ந்து போய்விட்டது. அதாவது அந்த ஆழம், தேயாமல் மிச்சமிருந்த பட்டனால் வந்தது இல்லை. உள்ளே கம்பிப் பட்டையைக் காப்பதற்காக இருக்கும் ரப்பரைச் சுரண்டி எடுத்ததால் வந்தது. பெரியவர் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு பள்ளத்தின் அடியில் கறுப்பு பாலிஷைச் சுரண்டினார். கம்பி எட்டிப் பார்த்தது. அறுபதில் போனது நல்லதாயிற்று என்று சொல்லிவிட்டு அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

லாரி, பஸ் டயர்களில் சிலவற்றில் தயாரிக்கும்போதே இதற்கென்று அடியில் கூடுதலாக ரப்பர் வைத்திருப்பார்கள், பக்கவாட்டில் 'ரீக்ரூவபிள்' என்று அச்சடித்தும் இருப்பார்கள். அவற்றை வெட்டுவது தப்பில்லை. கார் டயரில் அந்தப் பேச்சே கிடையாது.

அடுத்தது தேதி. டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்தான் அது பிறந்த நாள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3116 என்றால் 2016-ம் வருஷம் 31-வது வாரம். என் 'ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத' டயரில் இருந்தது இந்த 3116-தான். ராத்திரி நான் தேடாமல் இல்லை, தேடினேன், கிடைக்கவில்லை. பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை வண்டிக்கு உள்பக்கமாகத் திருப்பி ரிம்மில் ஏற்றியிருந்தார்கள். ஆகவே டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் பாருங்கள். மாட்டிவிட்டு வந்து காட்டினால், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் உண்டு. இன்னொன்று, புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாலும் பக்கவாட்டில் கொஞ்சமாவது மிஞ்சும். இதில் ஒன்றுகூட இல்லை.

பிறகு டிக்கியில் கிடந்த என் பழைய டயர். அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தோம். ஆணி குத்திய ஓட்டையைச் சுற்றித் துருக் கறை, ஓட்டையும் கோணல்மாணல். பட்டனில் இருந்த மற்ற இரண்டும் ஒரே அளவு, நேர்க்குத்து, விளிம்பில் அழுக்குகூட இல்லை. பக்கவாட்டில் இருந்ததும் அதே அளவு. கல்லோ கண்ணாடியோ குத்தினால் ஓட்டை இப்படிக் கணக்காக வராது. பஞ்சர் கடையில் இருக்கும் கூர்ஊசி ஒன்றை எடுத்துப் பெரியவர் அந்த ஓட்டையில் வைத்தார், பொருந்தி நின்றது. தார்ப்பாய்க்குப் பின்னால் ஐந்து நிமிஷத்தில் நடந்த வேலை அது.

ஆணி ஓட்டை ஒன்றை மட்டும் ஒட்டியிருந்தால் அந்த டயர் இன்னும் நன்றாக ஓடியிருக்கும். பக்கவாட்டில் குத்தியதால் அதுவும் குப்பை. அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்காவது ஒட்டி விற்றிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம் அனுப்பிய நம்பருக்குப் போன் போட்டேன். "பார்த்துத்தானே சார் வாங்கினீங்க, கேரண்டின்னு நான் சொன்னேனா?" கட் செய்துவிட்டார். பங்க் மேனேஜரிடம் கேட்டால், அந்தக் கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இடம் வேறு ஆளுடையது என்கிறார். ஆணியைக் காட்டிய பையன் உங்கள் ஆள்தானே என்றதற்குப் பதில் இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆணி நிஜமாகவே இருந்தது. கடைப் பெயர் கேட்டு யாரும் வராதீர்கள். பெயர்ப்பலகையே கிடையாது, தொங்கவிட்ட டயரில் 'பஞ்சர்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் நடுராத்திரி எழுந்துவந்து நியாயமான கூலிக்கு ஒட்டிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் அதே மாதிரி டயரைத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள், வெளியிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் தொல்லை.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள், பிடுங்கவும் விடாதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்வரை பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று இருக்கும், அவ்வளவு நிரப்பிவிட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள். அதிகம் இறங்கவில்லை என்றால் மெதுவாக ஓட்டி, அடுத்த ஊருக்குள் நாலு பேர் நிற்கிற கடைக்குப் போய்விடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிக் காற்றடிக்கும் சின்னப் பம்பு ஒன்றை நான் இப்போது வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே ஒட்டினாலும் வீலோடு கூடவே போய் நில்லுங்கள், தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தாலும் சரி. முதல் குமிழியிலிருந்து உங்கள் கண் முன்னால் வரட்டும், ஒவ்வொரு இடத்தையும் சாக்பீஸால் குறித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கிற ஆளிடம் ஊசி வேலை அவ்வளவாக நடக்காது.

பழைய வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் இன்ஜின் ஆயில், பேட்டரி எல்லாம் பார்ப்போம், ஸ்டெப்னியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஓடாத டயருக்கும் வயசாகும். ரப்பர் இறுகி, பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்பு விழும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன டயரை வருஷா வருஷம் சோதிக்கவும், பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடவும் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. டிக்கியில் நம்பிக்கையான ஸ்டெப்னி இருந்தால் இந்தக் கடைக்காரர் சொன்ன எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை, கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பலாம். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033-க்குப் போன் செய்யலாம், ரோந்து வண்டியை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாததால் யு.பி.ஐ. ரசீது, டயரின் இரண்டு பக்க போட்டோ, திருச்சிக் கடை பெரியவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் சாலையில் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் உங்கள் ரசீதோடு நீங்களும் 1915-ல் பதிவு செய்யுங்கள், ஒரே க்யூ.ஆர். பெயர் இரண்டு மூன்று புகாரில் வந்தால் கதை வேறு. வெட்டின டயரைத் திருச்சிக் கடையிலேயே பக்கவாட்டில் அறுத்துப் போடச் சொல்லிவிட்டேன், அது இனி எந்த வண்டியிலும் ஏறாது.