மதுரை வெயிலில் வீட்டு நீச்சல் குளம்: சில வருஷ அனுபவம்

அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் வீட்டோடு சின்னதாக ஒரு நீச்சல் குளம். "தண்ணீரில் பச்சைப் பாசி பிடிக்காதா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பிடிக்கும். உடனே குளோரின் பத்தவில்லை என்று மேலும் மேலும் கொட்டச் சொல்வார்கள். பராமரிப்புக்கு வந்த ஆளும் அதையே சொல்லி பிளீச்சிங் பவுடரைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டுப் போனார், தண்ணீர் மோர் மாதிரி கலங்கியதுதான் மிச்சம்.

முதலில் பார்க்க வேண்டியது பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. எங்கள் போர் தண்ணீரில் காரத்தன்மை ஜாஸ்தி, காற்றுப் படப்பட அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். 7.5-இல் குளோரினில் பாதி உருப்படியாக வேலை செய்யும், 8-ஐத் தொட்டால் நாலில் ஒரு பங்குதான். ஏற்கனவே உப்புத் தண்ணீர், அதில் பிளீச்சிங் பவுடர் இன்னும் சுண்ணாம்பைச் சேர்த்தால் கலங்காமல் என்ன செய்யும்? டைல்ஸிலும் வெள்ளையாகப் படியும். பிஎச்சை இறக்க நான் செய்வது இதுதான்: சாயங்காலம் மோட்டார் ஓடும்போது பக்கெட் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சமாக ஊற்றி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது), ஆழமான பக்கம் பரவலாக விட்டு, மறுநாள் காலை சோதித்துப் பார்ப்பேன். 7.2-லிருந்து 7.6-க்குள் நின்றால் போதும். ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில்கூட இருக்கக் கூடாது, கலந்தால் விஷ வாயு.

அடுத்து வெயில். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய திரவக் குளோரின் மதியத்துக்குள் பெரும்பாலும் காலி. அதைக் காப்பாற்ற சயனூரிக் அமிலம் 30–50 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வேண்டும். டிசிசிஏ (TCCA) என்கிற குளோரின் மாத்திரையிலேயே அது இருக்கிறது, ஆனால் போட்டது போட்டபடி சேர்ந்துகொண்டே போகும், கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினால்தான் குறையும். அதனால் எனக்கு மாத்திரை கோடையில் மட்டும், மற்ற மாதங்களில் திரவம்.

சாண்ட் ஃபில்டர் தொல்லை தராது. சுத்தமாக இருக்கும்போது பிரஷர் கேஜ் காட்டும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் 8–10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது. வால்வைத் திருப்புமுன் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் போய்விடும். குளத்துக்குள் காற்றுக் குமிழி வந்தால் மோட்டாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு, முதலில் பம்பு மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பங்குனியில் வேப்பம்பூ உதிர ஆரம்பித்தால் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தினமும் தட்ட வேண்டியிருக்கும், அதற்கு வழியில்லை, மரத்தை வெட்ட எனக்கு மனமில்லை.

தண்ணீர் இறங்குகிறதே, விரிசலோ என்று கோடையில் எல்லாருக்கும் சந்தேகம் வரும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, வாய் வெளியே தெரியும்படி படிக்கட்டில் வைத்து, உள்ளே வெளியே இரண்டு மட்டத்தையும் குறித்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. குளம் கூடுதலாக இறங்கினால் ஆளைக் கூப்பிடலாம்.